கண்டி ராஜாவின் சட்டமும் எங்கள் புங்கமரமும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாடம் நடத்துவது எப்படி, விடைத்தாள் திருத்துவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் நீங்களே தடுமாறிக் கற்றுக்கொள்வீர்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மாணவி ஒருத்தி மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? சிரிக்காதீர்கள். எனக்கு நடந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. தாம்பரத்தை ஒட்டிய செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் அப்போது பாதி பொட்டல், பாதி மனை போட்ட கற்கள். எங்கள் கல்லூரி அங்கேதான் இருந்தது, பெயர் வேண்டாம். வரலாற்றுத் துறையில் பெண் ஆசிரியை நான் ஒருத்திதான். "அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி" என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எஸ்தர் என்னிடம் எம்.ஃபில். ஆய்வு செய்ய வந்தாள். கீழ்க்கட்டளைப் பெண். அப்பா ரயில்வே பணிமனையில் பெயின்டர். எம்.ஏ. முடித்ததும் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அழுது, அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்து ஒரே ஒரு வருஷம் கேட்டு வாங்கியிருந்தாள். அந்த வருஷத்துக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் பட்டம். தவறினால் அடுத்த வருஷம் என்ற பேச்சே அவள் வீட்டில் கிடையாது.

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, கண்டி ராஜ்யத்தில் சட்டமும் நீதிமன்றங்களும் வளர்ந்த விதம். "ஏம்மா, உள்ளூர்ல ராஜாவே கிடைக்கலியா உனக்கு?" என்று கேட்டேன்.

"வேலூர்ல எங்க சித்தி வீடு மேடம். அங்க ஒரு ராஜாவோட சமாதி இருக்கு. சின்ன வயசுல லீவுக்குப் போனா அங்கதான் விளையாடுவோம். யாருன்னு கேட்டா கண்டி ராஜான்னாங்க. சிலோன் ராஜா வேலூருக்கு வந்து ஏன் செத்தாருன்னு கேட்டா யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

'தெரிஞ்சே ஆகணும்' என்று ஒரு பிள்ளை சொன்னால் நீங்கள் தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

அந்த ராஜ்யத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இலங்கை மலைநாட்டில் இருந்த சிங்களப் புத்த ராஜ்யம் அது. புத்தரின் பல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ராஜா என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் கடைசியாக ஆண்ட ராஜாக்கள் மதுரை நாயக்கர் வழி வந்தவர்கள். நம் பக்கத்திலிருந்து போனவர்கள். வெள்ளைக்காரன் கடைசி ராஜாவைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் அடைத்தான். அதற்கு முன்பு அங்கே நீதி பல படிகளாக வளர்ந்திருந்தது. வயல் தகராறு, மாடு மேய்ந்த தகராறு எல்லாம் ஊர்ச்சபையில். அதற்கு மேல் நாட்டுச்சபை. அதற்கும் மேல் பிரதானிகள் கூடும் பெரிய மன்றம். எல்லாவற்றுக்கும் மேலே ராஜா. உயிரை எடுக்கும் தண்டனை ராஜாவின் கையில் மட்டும்.

சரி, அந்தப் பிரதானியே அநியாயம் செய்தால்? ஏழைக் குடியானவன் யாரிடம் போவான்? அதற்கும் அங்கே வழிகள் இருந்தன. ராஜா வெளியே வரும்போது வழியில் விழுந்து வணங்கி முறையிடலாம். கோயிலுக்குள் போய் அடைக்கலம் கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தில் ஏறி, ராஜாவின் காதில் விழும்வரை தன் குறையைக் கத்திச் சொல்லலாம். இதைப் படித்த அன்று எஸ்தர் என் மேசைக்கு ஓடிவந்தாள். "மேடம், மரத்துல ஏறிக் கத்தறதே ஒரு சட்டம் மேடம்!" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

காலம் என்ன காலம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் நம் ஜனங்களை வீட்டோடு வைத்துக் கொளுத்திய செய்திகள் வந்துகொண்டிருந்தன. கல்லூரிகள் மாறி மாறி மூடிக் கிடந்தன. நானும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்வலம் போனவள்தான். செருப்பு அறுந்து, வெறுங்காலோடு பல்லாவரம் வரை நடந்தேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் எவரும் எதையும் நிதானமாகப் பார்க்கவில்லை. எஸ்தர் தன் ஆய்வைப் பற்றித் துறையில் பேசப்போவதாக ஓர் அறிவிப்பை ஒட்டினோம். மறுநாள் காலையில் அது கிழிந்து கிடந்தது.

அத்தோடு போயிருந்தால் புதிதாக ஒன்று ஒட்டியிருப்போம். எங்கள் துறைத்தலைவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆய்வேட்டில் வழிகாட்டியின் கையெழுத்து, துறைத்தலைவரின் கையெழுத்து, முதல்வரின் கையெழுத்து மூன்றும் வேண்டும். நான் போட்டுவிட்டேன். அவர் போட மாட்டேன் என்றார். எங்களை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஸ்டூடண்ட்ஸ் யூனியன் ஆளுங்க வந்து மிரட்டிட்டுப் போனாங்க மேடம். இது வெளியே போனா காலேஜையே கொளுத்திடுவாங்களாம். பிரின்சிபால்கிட்டயும் சொல்லிட்டேன். ரிஸ்க் எடுக்க முடியாது."

"அப்போ இந்தப் பொண்ணு என்ன பண்றது?"

"சிம்பிள். சோழர் காலக் கிராம சபைன்னு தலைப்ப மாத்துங்க. உள்ளே கண்டின்னு வர்ற எடத்துலெல்லாம் தஞ்சாவூர்னு போட்டுட்டாப் போச்சு. சபைன்னா சபைதானே?"

வரலாறு படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது! எஸ்தர்தான் மெதுவாகக் கேட்டாள். "சார், அப்போ புத்தர் பல்லுக்குப் பதிலா யார் பல்லப் போடறது?"

அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கீழ்க்கட்டளையிலேருந்து வர்ற பெயின்டர் பொண்ணு நீ. சிங்களவன் சட்டத்த எழுதி நீ என்ன கிழிக்கப்போறே? போய்க் கல்யாணம் பண்ணிக்கோ" என்றார். அவள் கண் நிறைந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என்ன பேசினேன் என்பதை இங்கே சொல்ல முடியாது. நீங்கள் சின்னப் பிள்ளைகள்.

அடுத்து முதல்வர். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தகராறு என்றால் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் ரகம். எஸ்தர் அவர் அறை வாசலில் நாள் கணக்காக நின்றாள். "ஐயா மீட்டிங்ல கீறாரும்மா, நாளிக்கு வா" என்று பியூன் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். பாவம், அவரும் சொன்னதைச் சொல்கிறவர்தான். நான் உள்ளே போய்க் கேட்டபோது, "ஹெச்.ஓ.டி. சொன்னா காரணம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். என்ன காரணம் என்று கேட்டேன். காகிதத்தைப் புரட்டினார்.

கடைசி நாள் வந்தது. அன்று மாலைக்குள் சேப்பாக்கம் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். நான் வகுப்பில் இருந்தேன். மொகலாயர் நிலவரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம். வெளியே ஒரு குரல் கேட்டது.

"முதல்வர் ஐயா! முறையீடு! முதல்வர் ஐயா!"

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். முதல்வர் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு புங்கமரம். அதன் கிளை பிரியும் இடத்தில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். நீலப் பருத்திப் புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். பக்கத்துக் கிளையில் ஆய்வேடு வைத்த ஜோல்னாப் பை தொங்கியது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க! காரணம் கேட்டா கதவச் சாத்திக்கிட்டுப் பேசறாங்க! என்னையும் அவங்களையும் எதிரெதிர நிறுத்தி விசாரிக்கணும் ஐயா!"

வகுப்புகள் காலியாகிவிட்டன. மரத்தைச் சுற்றிக் கூட்டம். காவலாளி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா இது, எறங்கும்மா. வுழுந்துகினா யாரும்மா பதில் சொல்றது?" என்று கெஞ்சினார். அந்த நேரத்தில் துறைத்தலைவர் என் காதருகே வந்து நின்றார்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நீங்க சொன்னா இறங்குவா. இறக்குங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் வேலை, படிப்பு எதுவும் மிஞ்சாது."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் நான் சொன்னால் இறங்குவாள் என்பது மட்டும் உண்மை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சம்பளத்தை நம்பி மாமியார், இரண்டு பிள்ளைகள். அவள் கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் பெற்றவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்ற பயம் வேறு. 'எறங்கி வாம்மா, பேசிக்கலாம்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த வார்த்தையை எல்லோரும் பாசத்தோடுதான் சொல்வார்கள். இறங்கி வா, அமைதியாகு, அப்புறம் பேசலாம். இறங்கி வந்த பிறகு எவன் பேசியிருக்கிறான்? கீழே இருந்தவரை அவள் பேச்சை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இப்போது மேலே போனதும் மொத்தக் கல்லூரியும் அண்ணாந்து பார்க்கிறது. இறங்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

"கெட்டியாப் புடிச்சிக்கோ" என்று அவளிடம் சொன்னேன். காவலாளியிடம், "ஏணி அங்கேயே இருக்கட்டும் அண்ணா, கிளைக்குக் கீழே நின்னுக்குங்க" என்றேன். பிறகு நேராக முதல்வரின் ஜன்னலுக்குப் போனேன். அவர் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சார், வெளியே வாங்க."

"மொதல்ல அந்தப் பொண்ண இறங்கச் சொல்லுங்கம்மா. அப்புறம் பேசலாம்."

"இத்தனை நாளா கீழேதான் சார் நின்னா. பேசினீங்களா? அவ ஆய்வேட்டுல இருக்கு, மரத்துல ஏறினவன் சொல்றத ராஜா கேட்டே ஆகணும். நீங்க ராஜாவும் இல்ல, அவ யார் தலையயும் வாங்கச் சொல்லவும் இல்ல. ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேளுங்க, அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வந்தார். பியூன் நாற்காலியை மரத்தடியில் போட்டார். முதல்வர் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "சொல்லும்மா" என்றார். சரியாக அப்போது விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். தாம்பரத்தில் எந்த நியாயமும் விமானம் போன பிறகுதான்.

எஸ்தர் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். முதல்வர் துறைத்தலைவரின் பக்கம் திரும்பினார். "என்ன சார், ஏன் போடல?"

அவர் குனிந்து முதல்வரின் காதில் ஏதோ சொன்னார்.

"சார், மேல கேக்கல!" என்று மரத்திலிருந்து குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. "சத்தமாச் சொல்லுங்க சார்!" என்று பின்னாலிருந்து பையன்கள் கத்தினார்கள்.

பெயின்டர் பொண்ணு, போய்க் கல்யாணம் பண்ணிக்கோ என்று அறைக்குள் சொன்னவர் அதை வெளியே சொல்வாரா? எங்கே சொல்வார்! கர்ச்சீஃபால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மாணவர்கள் மனம் புண்படும். யூனியன் ஆளுங்க எச்சரிக்கை பண்ணியிருக்காங்க. பாதுகாப்புக் காரணம்" என்றார்.

மாணவர் சங்கத் தலைவன் மோகன் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். முடிச்சூர்ப் பையன், ஆறடி உயரம். இவள் சிங்களவனுக்குக் கொடி பிடிக்கிறாள் என்று நினைத்து, கூச்சல் போடத்தான் வந்திருந்தான். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"யார் சார் உங்கள மெரட்னது?"

"நீங்கதான்பா. உங்க சங்கம்."

"நாங்களா? எப்ப சார் வந்தோம்? உங்க ரூமாண்ட வந்தே எவ்ளோ நாளாச்சு! சும்மா எங்க பேர இஸ்த்து வுடாதீங்க."

துறைத்தலைவர், "அந்த நோட்டீஸக் கிழிச்சது யாரு?" என்று கேட்டார்.

மோகன் தயங்கவில்லை. "அது நாங்கதான். சிங்களவனப் புகழ்ந்து பேசறாங்கன்னு நென்ச்சோம். கோவத்துல கிழிச்சோம். அத்தோட சரி. அதுக்காகப் படிப்ப நிறுத்துன்னு சொன்னமா? கையெழுத்துப் போடாதன்னு சொன்னமா?" அண்ணாந்து பார்த்துக் கேட்டான். "இன்னாக்கா எழுதிக்கீற நீ? அவனுங்களப் புகழ்ந்துதானே?"

"நாயக்க ராஜாவ எழுதியிருக்கேன்பா. ஒரு விவசாயிக்குப் பிரதானி அநியாயம் பண்ணா அவன் எப்படி நியாயம் கேட்டான்னு எழுதியிருக்கேன். படிச்சிட்டு அப்புறம் கிழி!"

அவன் தன் ஆட்களின் பக்கம் திரும்பி, "டேய், போராட்டம்னு நம்மதான் பண்ணிகினு கீறோம்னு பார்த்தா, இவங்க மரத்து மேலயே ஏறிட்டாங்கடா" என்றான். கூட்டம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. முதல்வரின் உதட்டிலேயே சிரிப்பு எட்டிப்பார்த்தது. துறைத்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

இங்கே முடிந்தது என்று நினைத்தேன். முதல்வர் எழுந்து, "ஒரு குழு போட்டு விசாரிக்கலாம்" என்றார். குழு! கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. குழு என்றால் என்ன அர்த்தம் என்று இனிமேல் நீங்களே அனுபவித்துத் தெரிந்துகொள்வீர்கள்.

"இன்னைக்குத்தான் சார் கடைசி நாள். விசாரணைதான் இப்ப முடிஞ்சுதே. மிரட்டினதாச் சொன்னார். மிரட்டலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. இன்னும் எந்தக் குழு வந்து என்ன கண்டுபிடிக்கணும்?"

"குழு வந்து முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன் சார்" என்றாள் எஸ்தர், மேலேயிருந்து. குரல் கம்மிவிட்டிருந்தது. ஆனால் இம்மியும் இறங்கவில்லை.

முதல்வர் பேனாவைத் திறந்தார். துறைத்தலைவரிடம் நீட்டினார். அவர் வாங்காமல் விறுவிறுவென்று தன் அறைக்கு நடந்துவிட்டார். முதல்வர் அவர் போகிற திசையையே பார்த்தார். பிறகு பையைக் கீழே விடச் சொன்னார். தன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். துறைத்தலைவரின் இடத்திலும் 'அவருக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பியூனை அனுப்பி முத்திரையைக் கொண்டுவரச் சொல்லி ஓங்கிக் குத்தினார். அந்த மனுஷனுக்குள் அவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ அந்தத் தைரியம்! நான் அவரை மனதாரக் கும்பிட்டேன்.

ஏறத் தெரிந்த எஸ்தருக்கு இறங்கத் தெரியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. காவலாளி ஏணியைச் சாத்த, மோகன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "டேய், எல்லாம் அந்தாண்ட திரும்புங்கடா. அக்கா, நானும் திரும்பிக்கிறேன், நீ எறங்கு" என்றான். தரையில் கால் வைத்ததும் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். "அழறதுக்கு நேரமில்லடி, ட்ரெயினப் புடி" என்று துரத்தினேன். மோகன் தன் சைக்கிளில் அவளைத் தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான். பல்கலைக்கழகத்தில் ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

பட்டம் வந்தது. மரமேறிய பெண் வேண்டாம் என்று வரன் வீட்டார் விலகிக்கொண்டார்கள். "அது ஒரு போனஸ் மேடம்" என்றாள். பிறகு திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, தன் இஷ்டப்படி கல்யாணமும் செய்துகொண்டாள்.

எனக்கு வந்தது மெமோ. ஒழுங்கீனத்துக்கு உடந்தை, மாணவியை இறக்க முயலவில்லை என்று குற்றச்சாட்டு. நிர்வாக அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். உள்ளே மூன்று பேர். அதில் துறைத்தலைவரும் ஒருவர். நான் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார்கள். நான் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன். வெளியே பையன்கள், அலுவலர்கள், கூட வேலை செய்கிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இப்ப கேளுங்க. சத்தமாக் கேளுங்க. பதில் சொல்றேன்."

ஒருவர் எழுந்து கதவைச் சாத்தினார். நான் பேசவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்கள், அன்றும் அப்படித்தான். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். 'விசாரணை நிலுவையில்' என்று என் பெயருக்கு எதிரே எழுதிவைத்துவிட்டு, துறைத்தலைவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவியை எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குக் கொடுத்தார்கள். வலித்ததா என்றால் வலித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் அறிவுக்கும் உழைப்புக்கும் அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்றேன். அன்று காலை புதிய முதல்வர் கூப்பிட்டார். தங்கமான பையன், என்னிடம் படித்தவன்தான். தேநீர் வரவழைத்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மேடம், அந்தப் பழைய என்கொயரி இன்னும் நிக்குது. ரெண்டே வரி வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுத்துட்டா இன்னைக்கே க்ளோஸ் பண்ணிடலாம். பென்ஷனுக்கு இழுக்கக் கூடாது பாருங்க."

"தாராளமா எழுதறேம்பா. கதவத் திற. வெளியே என்னை வழியனுப்ப எல்லாரும் நிக்கிறாங்க. அவங்க காதுல விழற மாதிரி நான் என்ன தப்புப் பண்ணேன்னு நீ சொல்லு. சொன்னதும் எழுதித் தரேன்."

அவன் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தக் கோப்பை எடுத்து மேசையின் கீழ் இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "டீ ஆறிடப்போகுது மேடம்" என்றான்.

பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. மன்னிப்பு இன்னும் எழுதவில்லை.